தோலுக்காக வந்ததும் காற்றில் வந்ததும்

நியூசிலாந்தின் வடக்குக் கரையோரங்களில் டிசம்பர் பிறந்துவிட்டால் பொஹுட்டுகாவா மரங்கள் செக்கச்செவேலெனப் பூத்துவிடும். கடற்பாறைகளின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் இந்த மரம் மாவோரி மக்களுக்குப் புனிதமானது. நாட்டின் வடகோடியில், ரெய்ங்கா முனைப் பாறையில் நிற்கும் ஒரு பொஹுட்டுகாவாவின் வேர் வழியாகத்தான் இறந்தோரின் ஆவிகள் கடலுக்குள் இறங்கி மூதாதையர் நிலத்துக்குப் போகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. 1858க்கும் 2017க்கும் இடையில் இந்த மரத்துக்கு வெளியிலிருந்து இரண்டு எதிரிகள் வந்து சேர்ந்தன. ஒன்று பொசம், மரத்தில் வாழ்ந்து, வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் ஆஸ்திரேலிய விலங்கு. மற்றது மிர்ட்டில் துரு. தளிரின் மேல் மஞ்சள் பொடியாகப் படியும் பூஞ்சை நோய். முதலாவதை மனிதர் செய்த மடமை என்றும், இரண்டாவதைக் காற்று கொண்டுவந்த விதி என்றும் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பிரிப்பு சரியல்ல என்பதே என் வாதம். இரண்டின் பயணத்தையும் ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், இரண்டையும் பெருங்கடல் தாண்ட வைத்தது வணிகம்தான் என்பது தெளிவாகும். உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. தடுப்பதற்கு எவ்வளவு காலம் கிடைத்தது, அந்தக் காலம் எந்த நாட்டில் கழிந்தது என்பதே அது.

ஒரு விலங்கையும் ஒரு பூஞ்சையையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். ஒன்றுக்குச் சூடான இரத்தமும் தாய்ப்பாலும் உண்டு. மற்றது கண்ணுக்குத் தெரியாத வித்துகளாகப் பறக்கிறது. ஆனால் மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பொசம் இரவில் இறங்கி, தனக்குப் பிடித்த மரத்துக்கே திரும்பத் திரும்ப வந்து இலையையும் தளிரையும் மொட்டையும் தின்கிறது. பக்கத்து மரம் பசுமையாக நிற்க, இந்த மரம் மட்டும் மொட்டையாகும். துருவும் முற்றிய இலையைத் தீண்டுவதில்லை. ஈரம் படிந்த இளந்தளிர், மொட்டு, பிஞ்சு ஆகியவற்றுக்குள்தான் புகுகிறது. ஒரே இரவில் எந்த மரத்தையும் இரண்டும் கொல்வதில்லை. ஆண்டுதோறும் புதிதாக விடும் தளிரைப் பறித்து, சேமிப்பைக் கரைத்து, பூக்கவும் காய்க்கவும் விடாமல் செய்து, கடைசியில் பட்டுப்போகச் செய்கின்றன. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டுமே தம் பிறந்த மண்ணில் பேரழிவு செய்பவை அல்ல. ஆஸ்திரேலியாவில் பொசத்துக்கு டிங்கோ நாய் உண்டு, காட்டுத்தீ உண்டு, நச்சு மிகுந்த யூகலிப்டஸ் இலை உண்டு. அங்கே அது சட்டத்தின் பாதுகாப்பில் வாழும் உயிர். தென் அமெரிக்கக் காடுகளில் துருவும் தன்னோடு சேர்ந்து வளர்ந்த தாவரங்களுடன் ஒருவிதச் சமநிலையில் இருந்தது. இடம் மாறியதும்தான் இரண்டும் எதிரிகளாயின.

பொசத்தின் கதையில் எதுவும் தற்செயல் இல்லை. 1837இல் கொண்டுவந்த விலங்குகள் நிலைக்கவில்லை. 1858இல் தென்தீவின் தெற்குக் கோடியில் ரிவர்டன் என்ற ஊருக்குப் பின்னால் விட்டவை நிலைத்தன. நோக்கம் ஒன்றே: தோல் வணிகம். வௌவால்களைத் தவிர வேறு நிலப் பாலூட்டி எதுவும் இயல்பாக இல்லாத தீவுகள் அவை. நாயையும் எலியையும் மாவோரிகள் கொண்டுவந்திருந்தார்கள். மற்றபடி காடு பறவைகளுடையது. ஐரோப்பியக் குடியேறிகளுக்கு அந்தக் காடு வெறுமையாகத் தெரிந்தது. ஆகவே வெளிநாட்டு உயிர்களைக் குடியமர்த்துவதற்கென்றே சங்கங்கள் அமைத்தார்கள். மான், முயல், மீன், பாட்டுப் பறவை என்று கப்பல் கப்பலாக வந்திறங்கின. டாஸ்மேனியாவின் கருநிறப் பொசத்தின் தோலுக்கு நல்ல விலை இருந்ததால் அதற்குத் தனி வரவேற்பு. வெளியிலிருந்து வந்த விலங்குகளின் எண்ணிக்கை சில நூறுதான். அவை ஈன்ற குட்டிகளைப் பிடித்து நாடெங்கும் கொண்டுபோய் விட்டதுதான் பெரிய வேலை. அதை அந்தச் சங்கங்களும் தனியாரும் பல பத்தாண்டுகள் உற்சாகத்துடன் செய்தார்கள். 1890களிலும் 1900களிலும் அந்த உற்சாகம் உச்சத்தில் இருந்தது.

எதிர்ப்பே எழவில்லை என்று சொல்ல முடியாது. பழத்தோட்டக்காரர்கள் முதலில் குரல் கொடுத்தார்கள். அவர்களுடைய மொட்டும் தளிரும் போய்க்கொண்டிருந்தன. காட்டைக் காக்க விரும்பியவர்களும் பேசினார்கள். இரு தரப்புக்கும் இடையில் நின்ற அரசு, வெலிங்டனில் விக்டோரியா கல்லூரியின் உயிரியல் பேராசிரியர் எச். பி. கிர்க் என்பவரிடம் ஆய்வறிக்கை கேட்டது. 1920இல் வந்த அந்த அறிக்கை இந்த வரலாற்றின் மையமான ஆவணம். காட்டுக்கு ஏற்படும் சேதம் மிகக் குறைவு, தோலால் கிடைக்கும் வருமானம் அதைவிடப் பெரிது, பழத்தோட்டங்களுக்கு அருகில் அல்லாத காடுகளில் பொசத்தை இன்னும் பரப்பலாம் என்பது அதன் சாரம். அரசு அந்தப் பரிந்துரையை முழுதாக ஏற்கவில்லை. 1921இல் விதிகள் வந்தன. பிடிப்பதற்கு உரிமம் தேவைப்பட்டது. புதிதாகக் கொண்டுபோய் விடுவது தடை செய்யப்பட்டது. ஆனால் தடைக்குப் பிறகும் கள்ளத்தனமாக விடுவது நிற்கவில்லை. தோலுக்கு விலை இருக்கும்வரை, இன்று சாக்கில் கட்டி எடுத்துப்போய் ஒரு பள்ளத்தாக்கில் விட்டால் சில ஆண்டுகளில் அங்கேயே பொறி வைக்கலாம் என்ற கணக்கு யாருக்கும் எளிதாகப் புரிந்தது. அந்தக் கணக்கைத் தடைச் சட்டத்தால் வெல்ல முடியவில்லை.

அன்றைய அறிவை இன்றைய அறிவால் அளக்கலாமா, கிர்க் தமக்குத் தெரிந்ததை நேர்மையாகத்தானே எழுதினார் என்று கேட்பவர்கள் உண்டு. அவருடைய நேர்மையை நானும் ஐயப்படவில்லை. ஆனால் பிழை அறிவுக் குறைவால் மட்டும் வந்ததல்ல. கேட்ட கேள்வியிலேயே அது இருந்தது. ஒரு பருவத்தில் பொசம் எவ்வளவு தின்கிறது, அதன் தோல் எவ்வளவு விலை போகிறது என்று ஒப்பிட்டால் தோல்தான் வெல்லும். பொஹுட்டுகாவாவும் ராத்தாவும் பல நூறு ஆண்டுகள் வாழும் மரங்கள். கிழக்கு முனைக்கருகே தே அராரோவா ஊரில் நிற்கும் பெரிய பொஹுட்டுகாவாவுக்கு 350 ஆண்டுகளுக்கு மேல் வயது சொல்கிறார்கள். அப்படிப்பட்ட மரத்தின் இழப்பை ஆண்டு வருமானத்தோடு எடைபோடவே முடியாது. புதிதாக நுழைந்த காட்டில் பொசத்தின் எண்ணிக்கை முதலில் மெல்ல ஏறி, பிறகு விரைவாகப் பெருகி, உணவு குறைந்ததும் சரிந்து நிற்கும். கிர்க் பார்த்த பல காடுகளில் அந்தப் பெருக்கம் இன்னும் நடந்து முடியவில்லை. தென்தீவின் மேற்குக் கரை மலைகளில் ராத்தா, காமஹி மரங்கள் சரிவு சரிவாகப் பட்டு, வெளுத்த எலும்புக்கூடுகளாக நின்ற காட்சி பின்னால்தான் வந்தது. காடு இப்படி அழியக்கூடும் என்ற ஐயம் அன்றே எழுப்பப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. எதிர்த்தவர்களிடம் முழுச் சான்று இல்லை; ஆதரித்தவர்களிடமும் இல்லை. சான்று இல்லாதபோது திருப்பிப் பெற முடியாததைச் செய்யாமல் இருப்பதுதான் நிதானம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தும் அந்த நிதானம் பேணப்படவில்லை.

தோல் வணிகம் ஏழைகளின் பிழைப்பு, அதை இழிவாகப் பேசக் கூடாது என்பதும் ஒரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. பண்ணைக் கூலிகளும் மாவோரிக் குடும்பங்களும் குளிர்காலத்தில் பொறி வைத்துக் கிடைத்த பணத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். காட்டுப் பாதைகளை அறிந்த, கைத்திறன் வேண்டிய உழைப்பு அது. ஆனால் அந்தப் பிழைப்பே பொசத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் என்று சொல்லப்பட்டதே, அது பொய்த்துப்போனது. 1940களின் பிற்பகுதியில் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டு, யாரும் எங்கும் கொல்லலாம் என்றானது. 1951 முதல் பத்தாண்டு காலம் கொன்ற விலங்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசே பணம் கொடுத்தது. பணம் போனது, பொசம் குறையவில்லை. 1980ஐ ஒட்டி ஓர் ஆண்டில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தோல்கள் ஏற்றுமதியாயின. அவ்வளவு கொன்றும் மொத்த எண்ணிக்கை அசையவில்லை. காரணம் எளிது. தோலுக்காகப் பிடிப்பவர் பாதைக்கு அருகே, எளிதில் கிடைக்கும் இடத்தில் பிடிப்பார்; எண்ணிக்கை குறைந்து உழைப்புக்குப் பயன் இல்லாதபோது வேறு பள்ளத்தாக்குக்குப் போவார். கடைசி விலங்கைத் தேடிப் போக எந்த வணிகனுக்கும் காரணம் இல்லை. 1980களின் இறுதியில் உலகத் தோல் சந்தை சரிந்தபோது பொறிகளும் காட்டிலிருந்து மறைந்தன. பின்னாளில் மெரினோ கம்பளியோடு பொசத்தின் ரோமத்தைக் கலந்து நெய்யும் தொழில் வளர்ந்தது. நல்ல துணிதான். ஆனால் காட்டைக் காக்கும் பொறுப்பை அதன்மேல் ஏற்ற முடியாது.

இதற்கிடையில் கணக்கின் மறுபக்கம் கனத்துக்கொண்டே போனது. 1967இல் மேற்குக் கரையில் ஒரு பொசத்திடம் மாட்டுக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. காட்டோரத்தில் மேயும் மாடுகளுக்கும் மான்களுக்கும் நோயைப் பரப்பும் முதன்மை விலங்கு அதுதான் என்று பிறகு உறுதியானது. 1990களின் நடுவில் சுமார் 1,700 மந்தைகளில் அந்த நோய் இருந்தது. பால், இறைச்சி ஏற்றுமதியை நம்பி வாழும் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று விளக்க வேண்டியதில்லை. அதுவரை இலை தின்னும் சாது என்று கருதப்பட்ட பொசம், கோகாக்கோ என்ற அரிய பறவையின் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் தின்பது 1993இல் படம்பிடிக்கப்பட்டது. தோலின் பெயரால் எழுதப்பட்ட லாபக் கணக்கில் இவை எதுவும் ஒரு வரியாகக்கூட இருந்ததில்லை.

பொசத்தின் மேல் சுமத்தப்பட்டதெல்லாம் உண்மையா என்றும் கேட்க வேண்டும். நாட்டில் 7 கோடி பொசங்கள் இருக்கின்றன, இரவுதோறும் 21,000 டன் இலையைத் தின்கின்றன என்ற எண் வெகுகாலம் எல்லா இடங்களிலும் மேற்கோள் காட்டப்பட்டது. ஒரு விலங்குக்கு 300 கிராம் என்று வைத்துப் பெருக்கிக் கிடைத்த எண் அது. பிற்கால மதிப்பீடு மொத்த எண்ணிக்கையைச் சுமார் 3 கோடியாகக் குறைத்துவிட்டது. பொஹுட்டுகாவாவின் அழிவுக்கும் பொசம் மட்டும் காரணமல்ல. கரையோரக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது என்று 1989இல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் கோடாரிக்கும் தீக்கும் மேயும் கால்நடைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. இதை ஒப்புக்கொள்வதால் என் வாதம் வலுவிழக்காது. பொசத்தின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாக அளக்க ஒரு வழி இருக்கிறது. அதை மட்டும் நீக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படி நீக்கிப் பார்த்த இடங்கள் உண்டு. சுமார் 2,000 ஹெக்டேர் பரப்புள்ள காப்பிட்டி தீவில் 1980 முதல் 1986 வரை 20,000க்கும் மேற்பட்ட பொசங்களைக் கொன்று, ஒன்றுகூட இல்லாமல் செய்தார்கள். பெரும்பகுதி வேலை பொறியால் நடந்தது. கடைசியில் மோப்ப நாய்கள் எஞ்சியவற்றைக் கண்டுபிடித்தன. ஆக்லாந்துக்கு எதிரே கடலில் நிற்கும் எரிமலைத் தீவான ரங்கிடோட்டோவில்தான் உலகின் மிகப் பெரிய பொஹுட்டுகாவாக் காடு இருக்கிறது. அங்கே பொசமும் வாலபி என்னும் சிறு கங்காருவும் சேர்ந்து மரங்களை மொட்டையடித்திருந்தன. 1990இல் விமானத்திலிருந்து 1080 என்னும் நஞ்சு கலந்த இரை போடப்பட்டது. 1997க்குள் இரண்டு விலங்குகளும் முற்றிலும் ஒழிந்தன. மரங்கள் மீண்டும் அடர்ந்தன, பூத்தன. 1080க்கு நியூசிலாந்தில் கடும் எதிர்ப்பு உண்டு. வேட்டை நாய்களும் மான்களும் சாகின்றன, நீர்நிலை கெடுகிறது என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அந்த எதிர்ப்பை அவமதிக்காமலே ஒன்றைச் சொல்லலாம்: வேறெந்த வழியாலும் எட்ட முடியாத மலைக்காடுகளில் பொசத்தை அடக்கியது அதுதான். 2050க்குள் பொசம், எலி, ஸ்டோட் என்னும் சிறு ஊனுண்ணி ஆகியவற்றை நாடு முழுவதிலும் ஒழிப்பது என்று 2016இல் அரசு அறிவித்தபோது அதற்குப் பின்னால் இந்தத் தீவுகளின் அனுபவம் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுத் தவறையும் திருத்த முடிகிறது. எண்ணக் கூடிய, மோப்பம் பிடிக்கக் கூடிய, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும் விலங்கு என்பதால்தான் முடிகிறது.

இனி பூஞ்சையின் பக்கம் வருவோம். 1884இல் பிரேசிலிலிருந்து வந்த கொய்யா இலையில் கண்டு ஜெர்மானியரான கியோர்க் விண்டர் இதை முதலில் விவரித்தார். கொய்யா, நாவல், கிராம்பு, தைலமரம் என்று நமக்கு நன்கு தெரிந்த மரங்கள் எல்லாம் சேர்ந்த மிர்ட்டேசி குடும்பமே இதன் இரை. 480க்கும் மேற்பட்ட இனங்களை இது தாக்கும் என்பது இப்போது தெரிந்திருக்கிறது. ஒரு துரு நோய்க்கு இவ்வளவு அகன்ற பசி அசாதாரணம். 1930களில் ஜமைக்காவில் ஆல்ஸ்பைஸ் என்னும் நறுமணப் பயிரை இது அழித்தது. பிரேசிலில் நடப்பட்ட ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் தோட்டங்களிலும் புகுந்தது. 1977இல் புளோரிடாவில் கண்டார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றை ஒட்டிய தீவுகளையும் விட்டு இது வெளியே வரவில்லை. பிறகு, 2005இல் ஹவாய், 2007இல் ஜப்பான், 2009இல் சீனா, 2010 ஏப்ரலில் ஆஸ்திரேலியா, 2013இல் நியூ கலிடோனியாவும் தென்னாப்பிரிக்காவும். எட்டே ஆண்டுகளில் பாதி உலகம்.

இதைக் காற்று செய்தது என்று யார் சொல்ல முடியும்? காற்று அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளிலும் வீசிக்கொண்டுதான் இருந்தது. மாறியது, விமானத்தில் ஏறும் வெட்டுப்பூக்களும் பூங்கொத்துக்கு வைக்கும் தழைகளும் நாற்றுகளும்தான். ஆஸ்திரேலியாவில் நோய் முதலில் அகப்பட்ட இடம் நியூ சவுத் வேல்ஸ் கரையோரத்தில் ஒரு வெட்டுப்பூப் பண்ணை. அதே ஆண்டு டிசம்பரில், இனி ஒழிக்க இயலாது என்று அந்த நாடு முடிவு செய்தது. ஹவாயின் கதை இன்னும் தெளிவானது. பூங்கொத்துத் தழைகள் வழியாக நோய் வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கண்டு, 2007இல் மிர்ட்டேசித் தாவரங்களின் வரவுக்கு அந்த மாநிலம் தற்காலிகத் தடை விதித்தது. அந்தத் தடை ஓராண்டில் காலாவதியானது. நிரந்தர விதி வர 2020 ஆனது. பொசத்தின் காலத்தில் தோல் வியாபாரியின் கணக்கு எப்படி முன்னே நின்றதோ அப்படியே இங்கே பூ வியாபாரத்தின் வசதி முன்னே நின்றது. முதலாவதில் உயிரைக் கொண்டுவந்தவர்களுக்குத் தாம் என்ன கொண்டுவருகிறோம் என்று தெரியும், இரண்டாவதில் தெரியாது. பொறுப்பின் அளவு இதனால் மாறலாம். பயணத்தின் காரணம் மாறாது.

கடைசிக் கட்டத்தில் காற்றுக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையிலான 2,000 கிலோமீட்டர் கடலைத் துரு வித்துகள் தாண்டக் கூடியவை. 1973இல் பாப்ளர் மரத்தின் துரு அப்படித்தான் வந்தது. 2010க்குப் பிறகு நியூசிலாந்து தன் பங்குக்கு மிர்ட்டேசிச் செடிகளும் பூக்களும் நுழைவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. இருந்தும் 2017 ஏப்ரலில் வடகிழக்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராவுல் தீவில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த மாதமே கெரிகெரி ஊரின் நாற்றங்கால் ஒன்றில் பொஹுட்டுகாவா நாற்றுகளின் மேல் அது தென்பட்டது. நாற்றுகளை அழித்தார்கள், மருந்து அடித்தார்கள், ஊர் ஊராகத் தேடினார்கள். 2018 ஏப்ரலில், நோய் கண்ட இடங்கள் 500ஐத் தாண்டிய நிலையில், ஒழிக்கும் முயற்சி கைவிடப்பட்டது. மொத்தம் பதினோரு மாதம். பொசத்துக்குக் கிடைத்த அறுபது ஆண்டுகளோடு இதை வைத்துப் பாருங்கள். பூஞ்சையைத் தடுக்கக் கிடைத்த உண்மையான காலம் 2005க்கும் 2010க்கும் இடையில், ஹவாயிலும் சிட்னியிலும், பிறர் துறைமுகங்களில் கழிந்துபோயிற்று. நியூசிலாந்தின் அதிகாரிகள் விழிப்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் காத்தது கடைசி வாசலை.

துரு நோய் ஒரு நாட்டின் வரலாற்றையே திருப்பிவிடும் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட காப்பி இலைத்துரு, இருபதே ஆண்டுகளில் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது; தேயிலையோடு மலையகத் தமிழரின் நூற்றாண்டுத் துயரமும் வேரூன்றியது. ஆனால் காப்பிக்குப் பதில் தேயிலை நட முடிந்தது. காட்டு மரத்துக்குப் பதில் எதை நடுவது? ஆஸ்திரேலியாவில் 2010 வரை காட்டோரங்களில் சாதாரணமாகத் தழைத்து நின்ற உள்நாட்டுக் கொய்யா இனம் ஒன்று, இன்று மிக அபாய நிலைப் பட்டியலில் இருக்கிறது. நியூசிலாந்தின் கிழக்கு முனைப் பகுதியில் ராமராமா என்னும் சிறு மரம் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போனது, கன்றுகளும் தப்பவில்லை. தேனுக்குப் பேர்போன மானுகா, அஞ்சிய அளவுக்குப் பாதிக்கப்படவில்லை என்பது ஆறுதல். சதுப்பு நிலத்தில் வளரும், நம் நாவலுக்கு நெருங்கிய உறவான இன்னொரு மரமும் கடும் ஆபத்தில் இருக்கிறது. விதையைச் சேமித்து வைக்கலாமே என்றால், அதன் விதை உலர்ந்தால் முளைக்காது. விதை வங்கியின் உலர்குளிரில் வைக்க வழியில்லை. ரங்கிடோட்டோவில் போட்டதுபோல் இரை போட்டு இந்தப் பூஞ்சையைத் தீர்த்துக்கட்ட எந்தத் தீவிலும் முடியாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுகிறது. திருத்த முடியாத எதிரி வந்துவிட்டதென்றால், பொசத்தை ஒழிக்கச் செலவிடும் பணமும் வீண்தானே, அதையும் துரு ஆய்வுக்கே திருப்பலாமே என்பது அது. நான் இதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். 2019-20இல் ஆஸ்திரேலியாவில் பெருந்தீ எரிந்து ஓய்ந்தபின், கருகிய மரங்கள் ஒரே நேரத்தில் விட்ட இளந்தளிர்களைத் துரு மிகக் கடுமையாகத் தாக்கியதை அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தளிரை இழந்த மரம் மறுபடி தளிர்விடும்போதுதான் பூஞ்சைக்கு விருந்து. பொசம் மேய்ந்த மரமும் அப்படித்தான் மறுபடி தளிர்விட்டாக வேண்டும். ஆகவே பொசத்தின் பல்லும் துருவின் வித்தும் தனித்தனிக் கணக்குகள் அல்ல. ஒன்று திறக்கும் காயத்தில் மற்றது நுழைகிறது. இரண்டில் ஒன்றை மனிதக் கையால் அகற்ற முடியும் என்றால் அகற்றியே ஆக வேண்டும். துருவைத் தாங்கும் மரங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் ஆய்வு நடக்கிறது. அது பலன் தரப் பல பத்தாண்டு ஆகும். அதுவரை மரங்கள் உயிரோடு நிற்க வேண்டும், பூத்து விதை தர வேண்டும். அதற்குப் பொசம் இல்லாத காடு தேவை.

பூஞ்சைக்கு எதிராகச் செய்யக் கூடிய வேலையும் இன்னும் மிச்சம் இருக்கிறது. மிர்ட்டில் துரு ஒரே வகை அல்ல. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பரவிய வகை வேறு. பிரேசிலின் யூகலிப்டஸ் தோட்டங்களைத் தாக்குவது வேறு. தென்னாப்பிரிக்காவில் கண்ட வகை இன்னும் வேறு. இவற்றுள் ஒன்றே ஒன்றுதான் நியூசிலாந்தை எட்டியிருக்கிறது. ஒரு வகையைத் தாங்கி நிற்கும் மரம் இன்னொன்றிடம் வீழலாம். ஆகவே நோய் வந்துவிட்டதே, இனி எதற்குத் தடை என்று இறக்குமதி விதிகளைத் தளர்த்தச் சொல்லும் பூ வணிகர்களின் வாதத்தை அரசுகள் ஏற்கக் கூடாது. ஆக்லாந்திலும் சிட்னியிலும் மெல்பர்னிலும் இன்று ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஊர்க் கொய்யாவின் பதியனையோ நாவல் கன்றையோ, மாலையில் கட்டிய தழையையோ பெட்டிக்குள் மறைத்து எடுத்துச் செல்லாதீர்கள். விமான நிலையத்தில் காலணியின் மண்ணைக்கூடக் கழுவச் சொல்லும் அதிகாரியிடம் எரிச்சல் கொள்ளாதீர்கள். அந்த நாட்டின் மரங்களுக்கு இப்போது எஞ்சியிருக்கும் காவல் அவ்வளவுதான்.